ஸ்டூல் வந்துருச்சு, யாரும் உக்காரல

அம்மா வேலை பாக்குற ஜவுளிக்கடையில மாடிக்கு ரெண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டாங்க. செவப்பு கலர் பிளாஸ்டிக் ஸ்டூல். 2022 தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி, நான் அப்ப டிகிரி ரெண்டாவது வருஷம். நைட்டு பத்தே முக்காலுக்கு மதுரை செல்லூர்ல ஷேர் ஆட்டோவ விட்டு இறங்கி வந்த அம்மா, உள்ள கூட வராம வாசப்படியிலயே உக்காந்து காலை நீட்டிட்டு, "உக்கார ஸ்டூல் போட்ருக்காங்க பாப்பா"ன்னு சொன்னாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல. ஏன்னா கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு தமிழ்நாட்டுல வந்த சட்டத்தப் பத்தி முந்தின வருஷமே பேப்பர்ல படிச்சு வீட்டுல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினவ நான். "நீ உக்காந்தியாம்மா?"ன்னு கேட்டேன். "யாரும் உக்காரல"ன்னாங்க.

ஏன்னு கேட்டேன். "எப்படி உக்கார்றது, மொதல்ல யாரு உக்கார்றது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு சோறு போடப் போயிட்டாங்க.

மொதல்ல யாரு உக்கார்றது. இந்தக் கேள்விய நான் மூணு வருஷமா தூக்கிட்டு அலையுறேன். இப்ப எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப்பணி மேற்படிப்பு, கடைசி வருஷம். பெண்ணியம், பெண்கள் இயக்கம், சமூக அமைப்பாக்கம்னு மூணு பேப்பர் எழுதியாச்சு, செமினார் எடுத்தாச்சு, நல்ல மார்க்கும் வந்துருச்சு. ஆனா அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்குள்ள இருக்குற அளவுக்கு விஷயம் நான் படிச்ச எந்த நோட்ஸ்லயும் இல்லன்னு இப்பத்தான் தெரியுது, அதனாலதான் இத எழுதுறேன்.

அம்மாவோட ஒரு நாள் எப்படின்னு சொல்றேன். காலைல ஒன்பதரைக்கு கடைக்குள்ள இருக்கணும், பத்து நிமிஷம் லேட்டானா பைன். போனை லாக்கர்ல வச்சுட்டு மாடிக்குப் போனா சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், ரெண்டு டீ, அத விட்டா நைட் பத்து மணி வரைக்கும் நிக்கணும். கஸ்டமர் இருந்தா நிக்கிறது சரி. கஸ்டமர் இல்லாத மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும், மாடியே காலியா கெடக்குற நேரத்துலயும் நிக்கணும், ரேக்குல சாஞ்சு கூட நிக்கக்கூடாது. கேமராவுல பாத்துட்டு மேனேஜர் மைக்குல செக்ஷன் பேரச் சொல்லிக் கூப்பிடுவார். 13 வருஷம் இப்படி நின்னு அம்மாவுக்கு ரெண்டு கெண்டைக்கால்லயும் நரம்பு சுருண்டு பச்சையா புடைச்சுருக்கு. டாக்டர் "ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா"ன்னு சொல்லி இறுக்கமா ஒரு சாக்ஸ் எழுதிக் குடுத்தார். அந்த சாக்ஸப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

அப்புறம் தண்ணி. எங்க அம்மா பகல்ல தண்ணி குடிக்க மாட்டாங்க. சின்ன வயசுல நான் அத ஒரு பழக்கம்னு நெனச்சுட்டு இருந்தேன், சில பேருக்கு காபி பிடிக்காத மாதிரி. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர்கிட்ட கேக்கணும், அவர் நோட்டுல டைம் எழுதுவார். மூணு மாடிக்கும் சேத்து லேடீஸ் ஸ்டாஃபுக்கு ஒரே ஒரு பாத்ரூம், அதுவும் கீழ குடோன் பக்கம். பீரியட்ஸ் நாள்ல என்ன பண்ணுவீங்கன்னு ஒரு தடவ கேட்டேன். பதில் சொல்லாம "வா, மாவாட்டுவோம்"னு எந்திரிச்சுட்டாங்க.

இந்த இடத்துல எங்க தாத்தா சொன்ன ஒண்ணு ஞாபகம் வருது. அந்தக் காலத்து ஜவுளிக்கடையில வெள்ளத்துணி விரிச்ச மெத்த இருக்கும், செருப்ப வெளிய விட்டுட்டுப் போய் கஸ்டமரும் உக்காருவாங்க, புடவை எடுத்துப் போடுற ஆளும் சம்மணம் போட்டு உக்காந்துதான் விரிச்சுக் காட்டுவார். பட்டுக்குன்னே இருக்குற சில பழைய கடைகள்ல இப்பவும் அப்படித்தான். அங்க எடுத்துப் போட்டவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. கண்ணாடி கவுண்டரும் ஏசியும் லிப்ட்டும் வந்து, கம்மி சம்பளத்துக்கு கிராமத்துப் பொண்ணுங்கள வேலைக்குச் சேக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் நிக்கிறதுங்கறது இந்த வேலையோட இலக்கணம் ஆயிருச்சுன்னு நான் நெனைக்கிறேன். அதாவது புடவை விக்க நின்னே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது. நிக்க வைக்கிறது ஒரு முடிவு. யாரோ எடுத்த முடிவு.

கோழிக்கோடு கதை எனக்குத் தெரிய வந்தது பி.ஜி. முதல் வருஷத்துல. எங்க மேடம் ஒருத்தங்க பாடத்துக்கு வெளிய சொன்னாங்க. அங்க மிட்டாய்த் தெருன்னு ஒரு கடைவீதி, நம்ம விளக்குத்தூண் மாசி வீதி மாதிரின்னு வச்சுக்கோங்க, வரிசையா துணிக்கடை, ஜனம் நெருக்கும். அங்க வேலை பாத்த பொண்ணுங்களுக்கு பாத்ரூமே கிடையாது, ஹோட்டலுக்குப் போய் எதையாவது வாங்கிக் குடிச்சுட்டு அங்க இருக்குற பாத்ரூம யூஸ் பண்ணணும், இல்லன்னா நாள் முழுக்க அடக்கணும். பி. விஜின்னு ஒரு தையல் வேலை பாக்குறவங்க, 2009, 2010 வாக்குல, இந்தப் பொண்ணுங்கள ஒண்ணு சேத்து "பெண்கூட்டு"ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. மொதக் கோரிக்கை சம்பளம் கிடையாது, எட்டு மணி நேர வேலை கிடையாது. மூத்திரம் போக ஒரு இடம். அவ்வளவுதான்.

இத கிளாஸ்ல கேட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. எங்க அம்மா தண்ணி குடிக்காததும் அந்தத் தெருப் பொண்ணுங்க தண்ணி குடிக்காததும் ஒரே காரணம். நான் வீட்டுக்குள்ள பாத்து ஒரு பழக்கம்னு நெனச்சது, அங்க ஒரு இயக்கத்தோட தொடக்கமா இருந்துருக்கு.

அந்தம்மா தையல்காரரா இருந்ததும் முக்கியம்னு எனக்குத் தோணுது. எங்க மேடம் இதச் சொல்லல, இது நானா யோசிச்சது. தையல் மெஷின வச்சுப் பொழைக்கிற ஒருத்தரை எந்த புளோர் மேனேஜரும் செக்ஷன் மாத்த முடியாது, நாளைல இருந்து வராதன்னு சொல்ல முடியாது. அதே தெருவுலதான் இருக்காங்க, அதே பாத்ரூம் பிரச்சினைதான் அவங்களுக்கும், ஆனா கேமராவுக்குக் கீழ இல்ல. மொதல்ல யாரு உக்கார்றதுன்னு அம்மா கேட்டதுக்கு அங்க கிடைச்ச ஒரு பதில் இது.

பாத்ரூம்ல ஆரம்பிச்சு அப்புறம் உக்கார்றதுக்கு வந்தாங்க. இருக்குற பெரிய தொழிற்சங்கங்க இத ஒரு பிரச்சினையாவே எடுத்துக்கலன்னு விஜி பல தடவ சொல்லியிருக்காங்க, அதனால தனியா அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குன்னு ஒரு யூனியன் கட்டுனாங்க. 2014ல உக்கார்ற உரிமை கேட்டுப் போராட்டம் பண்ணாங்க, மலையாளத்துல "இரிக்கல் சமரம்"னு பேரு. நிக்கிறதுக்குன்னே வேலைக்கு வச்ச பொண்ணுங்க, உக்கார்றதையே போராட்டமா ஆக்கிட்டாங்க. அந்த வருஷக் கடைசியில திருச்சூர்ல ஒரு பெரிய புடவைக்கடையில யூனியன்ல சேந்ததுக்காக ஆறு பொண்ணுங்கள வெளியூருக்கு மாத்தினப்ப, அவங்க கடை வாசல்ல உக்காந்தாங்க, நூறு நாளுக்கு மேல. கடைசியா 2018ல உக்கார வசதி குடுக்கணும்னு கேரள அரசு கடைகள் சட்டத்தத் திருத்துச்சு. அதே வருஷம் பிபிசி உலக அளவுல தேர்ந்தெடுத்த நூறு பெண்கள் பட்டியல்ல விஜி பேரும் வந்துச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். 2021 செப்டம்பர்ல தமிழ்நாட்டு சட்டசபையில மசோதா கொண்டு வந்தாங்க, 1947ஆம் வருஷத்து கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-அ அப்படின்னு ஒரு புதுப் பிரிவு. எல்லா ஊழியருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவங்க அதப் பயன்படுத்திக்க முடியணும், நாள் முழுக்க நிக்கிற நிலைமை தவிர்க்கப்படணும். சாராம்சம் இவ்வளவுதான். கேரளாவுக்கு அடுத்து இத சட்டமாக்குன மாநிலம் தமிழ்நாடு, அது நல்ல விஷயம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா அந்த வார்த்தைய ஒரு தடவ மெதுவா படிச்சுப் பாருங்க. "வாய்ப்பு கிடைக்கும்போது." வாய்ப்பு கிடைச்சுச்சா இல்லையான்னு யார் முடிவு பண்றது? மத்தியானம் ரெண்டரை மணிக்கு மாடி காலியா இருக்கு, அது உக்கார வாய்ப்புன்னு அம்மா நெனைக்கிறாங்க, புடவையெல்லாம் மறுபடி மடிச்சு அடுக்க வாய்ப்புன்னு சூப்பர்வைசர் நெனைக்கிறார். ரெண்டு பேருல யார் சொல்றது நடக்கும்? இதுல இன்னொண்ணு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 44வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, நின்னு வேலை பாக்குறவங்களுக்கு உக்கார வசதி பண்ணணும்னு கிட்டத்தட்ட இதே வாசகத்துல. அதாவது பேக்டரிக்கு 1948லயே எழுதுனத, கடைக்கு எழுத 73 வருஷம் ஆயிருக்கு. பேக்டரியில எல்லாரும் உக்காந்துதான் வேலை பாக்குறாங்களான்னு திருப்பூர்ல செக்கிங் டேபிள்ல நிக்கிற எங்க அத்தை பொண்ணுகிட்ட கேட்டா சொல்லுவா.

கேரளாவுல மட்டும் எல்லாக் கடையிலயும் பொண்ணுங்க நிம்மதியா உக்காந்துருக்காங்கன்னு நான் சொல்ல வரல. அங்கயும் சட்டத்த அமல்படுத்துறது பெரிய போராட்டம்தான். ஆனா அங்க ஸ்டூல் வரதுக்கு முன்னாடியே அத யார் கேட்டாங்கன்னு தெரியும். கேட்டவங்க எட்டு ஒன்பது வருஷமா ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சவங்க. நாளைக்கு முதலாளி ஸ்டூல எடுத்தா எந்த நம்பருக்குப் போன் பண்ணணும்னு தெரியும். எங்க அம்மா மாடிக்கு வந்த ஸ்டூல அங்க யாரும் கேக்கல. அது மேல இருந்து வந்துச்சு, இன்ஸ்பெக்டர் வந்தா காட்டுறதுக்காக வந்துச்சு, அதனால அது கடையோட ஸ்டூல், அவங்க ஸ்டூல் இல்ல.

எங்க கிளாஸ்ல போடிக்காரப் பொண்ணு ஒருத்தி இருக்கா. அவளோட பெரியம்மா மூணாறு எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறவங்க. 2015 செப்டம்பர்ல அங்க நடந்தது நம்மாளுங்க பல பேருக்கே தெரியாது. போனஸ 10 சதவீதமா குறைச்சுட்டாங்கன்னு ஆயிரக்கணக்கான பொம்பளைங்க, பெரும்பாலும் தமிழ் பேசுற தலித் பெண்கள், ரோட்டுல வந்து உக்காந்துட்டாங்க. ஒன்பது நாள். சங்கத் தலைவருங்க, அரசியல்வாதிங்க, யாரையும் கிட்ட விடல, வீட்டு ஆம்பளைங்களையும் ஓரமா நிக்கச் சொல்லிட்டாங்க. "பெம்பிளை ஒருமை"ன்னு, அதாவது பெண்கள் ஒற்றுமைன்னு, பேரு வச்சுக்கிட்டாங்க. 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க. அப்புறம் ஒரு மாசத்துல தினக்கூலி 232 ரூபாயில இருந்து 301 ஆச்சு, கேட்டது என்னவோ 500.

அந்தப் பெரியம்மாகிட்ட நான் போன்ல பேசினேன். எப்படி அவ்வளவு பேரு ஒரே நாள்ல இறங்கினீங்கன்னு கேட்டேன், ஏதோ பெரிய திட்டம் இருந்துருக்கும்னு எதிர்பாத்தேன். அவங்க சொன்னாங்க, "நாங்க எல்லாம் ஒரே லயத்துல இருக்கோம் கண்ணு, ஒரே பைப்புல தண்ணி புடிக்கிறோம், ஒருத்தி வீட்டுல என்ன கொழம்புன்னு இன்னொருத்திக்குத் தெரியும்." லயம்னா எஸ்டேட்ல தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீடுங்க. அதக் கேட்டதும்தான் எங்க அம்மா கடைய நான் வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சேன். அங்க என்ன இல்லங்கறது புரிஞ்சுச்சு. பைப்படி இல்ல.

பீல்ட் ஒர்க்குக்கு நான் இதையே எடுத்துக்கறேன்னு மேடம்கிட்ட சொன்னேன். மொதல்ல நான் போட்ட பிளான் ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி. மைக், பேனர், ஒரு வக்கீல், பெண் தொழிலாளர் சட்டங்கள் பத்தி பேச்சு. அம்மாகிட்ட சொன்னேன். "எந்தக் கிழமை வைப்ப?"ன்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமைன்னேன். ஞாயித்துக்கிழமதான் கடையில கூட்டம், அன்னிக்கு யாருக்கும் லீவு கிடையாது. சரி, வார லீவு என்னிக்குன்னு கேட்டா ஆளுக்கொரு நாள். அம்மா செக்ஷன்ல இருக்குற 9 பேருல செவ்வாய்க்கிழம ரெண்டு பேரு, புதன் ரெண்டு, வியாழன் ஒருத்தங்க, இப்படி. ஒரே செக்ஷன்ல வருஷக்கணக்கா நின்னவங்க ஒருத்தர் வீட்ட இன்னொருத்தர் பாத்ததே இல்ல. கடைக்குள்ள பேசினா மைக்குல பேரு வரும். ஊர்ல இருந்து வந்து கடை ஹாஸ்டல்ல தங்கியிருக்குற சின்னப் பொண்ணுங்களுக்கு வார்டன் அனுமதி இல்லாம வெளிய வர முடியாது.

நாங்க படிச்ச பாடத்துல மக்களை ஒருங்கிணைக்க முதல் படி கூட்டம் கூட்டுறதுன்னு இருக்கு. கூட்டமே கூடாத மாதிரி ஒரு வாரத்த வெட்டி வச்சுருக்குற இடத்துல அந்த முதல் படியே கிடையாது. நான் ஒரு நோட்டு எடுத்து யார் யாருக்கு என்னிக்கு லீவு, யார் எந்த வழியா வீட்டுக்குப் போறாங்கன்னு எழுத ஆரம்பிச்சேன். அதுல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நைட்டு பத்தேகாலுக்கு கடை வாசல்ல இருந்து செல்லூர், தத்தனேரி பக்கம் போற ஷேர் ஆட்டோவுல அம்மாவோட சேத்து ஆறு பேரு வராங்க. தெனமும் இருபது நிமிஷம். அந்த ஆட்டோதான் எங்களுக்குப் பைப்படி.

நான் சாயங்காலம் டவுன்ஹால் ரோட்டுல டியூஷன் எடுக்குறேன், முடிச்சுட்டு கொஞ்ச நேரம் காத்திருந்து அவங்களோட அதே ஆட்டோவுல வர ஆரம்பிச்சேன், பின்னாடி டிக்கி பக்கம் உக்காந்து. முதல் ஒரு மாசம் நான் எதுவுமே கேக்கல. சீட்டுப் பணம், மாமியார், பையன் பத்தாவது பரிட்சை, இதத்தான் பேசுவாங்க. அப்புறம் ஒருநாள் பில்லிங்ல இருக்குற ஒரு அக்கா, வயசு அம்பதுக்கு மேல, அவங்களே கேட்டாங்க, "நீ சட்டமெல்லாம் படிக்கிறியாம்ல, அந்த ஸ்டூலு நெசமாவே நாம உக்கார்றதுக்கா, இல்ல கஸ்டமருக்கா?"

சட்டம் வந்து நாலு வருஷம் ஆகப் போகுது, யாருக்கான ஸ்டூல்னு கூட யாரும் அவங்ககிட்ட சொல்லல.

அந்த அக்கா பேச்சோ பேனரோ கேக்கல, "ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் குடு, பர்ஸுல வச்சுக்கறேன்"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து எழுதினேன். அரசாங்கத் தமிழ்ல இல்ல, அம்மா பேசுற தமிழ்ல. 22-அ பிரிவு என்ன சொல்லுது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல வேலை பாத்தா ஓவர்டைம் வரணும். பாலியல் தொந்தரவுன்னா 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல உள்புகார் கமிட்டி இருந்தே ஆகணும், அதுக்குக் கம்மியான சின்னக் கடைன்னா மாவட்ட அளவுல இருக்குற கமிட்டிக்குப் போகலாம். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பின்னாடி இருக்குற பன்வாரி தேவியப் பத்தியும் நாலு வரி எழுதினேன். ராஜஸ்தான்ல குழந்தைக் கல்யாணத்தத் தடுக்கப் போன கிராமத்துப் பணியாளர், அதுக்காக 1992ல அவங்களக் கூட்டா வன்கொடுமை பண்ணாங்க, கீழ்கோர்ட்டு அந்தக் குற்றத்துல இருந்து எல்லாரையும் விடுதலை பண்ணிருச்சு. ஆனா அவங்க விஷயத்த வச்சு பெண்கள் அமைப்புங்க போட்ட வழக்குலதான் வேலை பாக்குற இடத்துல பாலியல் தொந்தரவத் தடுக்க 1997ல சுப்ரீம் கோர்ட்டோட விசாகா தீர்ப்பு வந்துச்சு, அதுல இருந்துதான் 2013 சட்டம். எங்க பரிட்சையில விசாகா தீர்ப்பு எந்த வருஷம்னுதான் கேப்பாங்க. ஆட்டோவுல அந்தப் பேப்பரப் படிச்ச ஒரு அக்கா கேட்டது, "அந்தம்மாவுக்கு நியாயம் கிடைச்சுச்சா?" இல்லக்கான்னு சொன்னேன். ஆட்டோவுல செல்லூர் வர்ற வரைக்கும் யாரும் பேசல.

அந்தப் பேப்பர் அஞ்சு ஜெராக்ஸ்ல ஆரம்பிச்சு இப்ப எத்தனை இருக்குன்னு எனக்கே தெரியாது.

திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மெண்ட் பேக்டரியில நடந்ததையும் ஆட்டோவுல சொல்லியிருக்கேன். 2021 ஜனவரியில அங்க வேலை பாத்த 20 வயசு தலித் பொண்ணை சூப்பர்வைசரே கொலை பண்ணின அப்புறம், தலித் பெண்கள் முன்னால நின்னு நடத்துற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன்ங்கற சங்கம் விடாமப் போராடி, 2022 ஏப்ரல்ல கம்பெனியோடயும் வெளிநாட்டு பிராண்டோடயும் ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. அதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், 25 தொழிலாளிக்கு ஒருத்தர் வீதம் அவங்களுக்குள்ளயே ஒருத்தருக்கு சங்கம் பயிற்சி குடுத்து கண்காணிப்பாளரா வச்சது. வெளிய இருந்து அதிகாரி வர வேண்டியதில்ல, பக்கத்து மெஷின்ல இருக்குறவ பாத்துக்குவா. நான் இதச் சொன்னதும் அம்மா கணக்குப் போட்டாங்க, "எங்க கடையில லேடீஸ் மட்டும் நூத்துப் பத்து பேரு. அப்ப நாலஞ்சு பேரு போதும்ல?"

போன ஆடித் தள்ளுபடி முடிஞ்சு கடை கொஞ்சம் ஓஞ்ச நேரம். ஒரு மத்தியானம் மூணு மணிக்கு அந்த பில்லிங் அக்கா சேலை செக்ஷனுக்கு வந்து செவப்பு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. மைக்குல பேரு வந்துச்சு. எந்திரிக்கல. அம்மா சொல்றாங்க, "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, ஆனா அவங்க தனியா உக்காந்துருக்குறதப் பாக்க முடியல பாப்பா, நானும் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்துட்டேன்." ரெண்டு ஸ்டூல்தான் இருந்துச்சு. மூணாவது ஆளு தரையில உக்காந்து புடவை மடிக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் இன்னொருத்தங்க. சூப்பர்வைசர் வந்து என்னன்னு கேட்டப்ப அக்கா பர்ஸுல இருந்து பேப்பர எடுத்து நீட்டினாங்களாம். அவர் வாங்கிப் படிச்சுட்டு, திருப்பிக் குடுக்காம எடுத்துட்டுப் போயிட்டார்.

அப்புறம் ஒரு ரெண்டு வாரம் மத்தியானம் ஆளுக்குப் பத்து நிமிஷம் மாத்தி மாத்தி உக்காந்தாங்க. மூணாவது வாரம் அம்மாவ மூணாவது மாடி குழந்தைகள் செக்ஷனுக்கு மாத்திட்டாங்க, பில்லிங் அக்காவோட ஷிப்ட்ட மாத்திட்டாங்க, அதனால அவங்க இப்ப அந்த ஆட்டோவுல வர்றதில்ல. எனக்கு ரெண்டு நாள் தூக்கமே இல்ல. என் புராஜெக்டுக்காக அம்மா வேலைக்கு ஆபத்து வந்துருச்சோன்னு அழுதேன். அம்மா என் தலையத் தடவிட்டு சொன்னாங்க, "உனக்காக உக்காரலடி. கால் வலிச்சுச்சு, உக்காந்தேன்."

அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "மூணாவது மாடியில பதினாலு பேரு இருக்காங்க, எல்லாம் சின்னப் பிள்ளைங்க, ஹாஸ்டல் பிள்ளைங்க. ஒருத்திக்கும் அந்த ஸ்டூலு எதுக்குன்னு தெரியல. அந்தப் பேப்பர்ல ஒரு இருபது ஜெராக்ஸ் எடுத்துக் குடு, சின்னதா, சாப்பாட்டு டப்பாவுக்குள்ள வைக்கிற மாதிரி"ன்னாங்க.

நேத்து எடுத்துக் குடுத்துட்டேன். ஏ4ல நாலா மடிச்ச சைஸ், ஒரு பக்கம்தான். கீழ என் நம்பர் போட்டுருக்கேன். புதன்கிழம லீவு இருக்குற ரெண்டு பேரு அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு வராங்க, பில்லிங் அக்காவும் வராங்க.